ஏழு நாய்கள் திரும்பி வந்த ஊர்

இந்த எபிசோட் ஒரு எக்செல் ஷீட்ல ஆரம்பிக்குது.

எங்க டீம்ல ஆறு பேர். ரிலீஸ் முடிஞ்ச கையோட எங்கயாவது மலைக்குப் போயிட்டு வரணும்னு முடிவாச்சு. ஊட்டின்னா கூட்டம். ஏற்காடு போன வருஷம் போயாச்சு. கடைசியில எல்லாரும் ஜவ்வாது மலைன்னு ஒத்துக்கிட்டாங்க. நான் காஞ்சிபுரத்துக்காரன், அந்தப் பக்கம் ரூட் உனக்குத்தான் தெரியும்னு பிளான் போடுற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. நானும் ஷீட் ஒண்ணைத் திறந்து நேரம், இடம், கிலோமீட்டர், செலவுன்னு நாலு காலம் போட்டேன்.

ஜமுனாமரத்தூர் பக்கம் தங்க ஒரு வீடு இருக்குன்னு நம்பர் கிடைச்சது. போன் பண்ணேன். எடுத்த அண்ணன் முதல்ல கேட்டது, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க தம்பி?"

"காஞ்சிபுரம்ணே."

"அட, எங்களுக்கும் பூர்வீகம் காஞ்சிபுரந்தான்."

"அப்படியா? எந்தத் தெருண்ணே?" பிள்ளையார்பாளையத்துல இருந்து யாரோ கல்யாணம் ஆகி அங்க போயிருக்காங்க போலன்னு நெனச்சேன்.

அவர் சிரிச்சிட்டார். "தெருவெல்லாம் எங்க தாத்தனுக்குத் தாத்தனுக்கே தெரியாது. நாய்க் கதை கேட்டிருக்கீங்களா? உங்க ஊர்க் கதைதான் அது."

நான் கேட்டதில்ல. காஞ்சிபுரத்துலயே பொறந்து, 12-ம் வகுப்பு வரைக்கும் அங்கயே படிச்சவன். ஊர்ல எத்தனை கோயில், எந்தக் கோயில்ல எந்த மண்டபம், எந்தத் தெருவுல யார் கோர்வைச் சேலை நெய்வாங்க, எல்லாம் தெரியும். இந்தக் கதை தெரியாது. அன்னிக்கு ராத்திரி ஷீட்டை அப்படியே விட்டுட்டு இதைத் தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். ஜவ்வாது மலையில வாழுறவங்களை 'மலையாளி'ன்னு சொல்வாங்க. கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, மலையை ஆளுறவங்க, மலையில வாழுறவங்கன்னு அர்த்தம். பேசுறது தமிழ்தான். ஜவ்வாது, சேர்வராயன், கொல்லி, கல்வராயன், பச்சைமலை, சித்தேரின்னு வட தமிழ்நாட்டு மலைகள் முழுக்க இருக்காங்க. தமிழ்நாட்டோட பட்டியல் பழங்குடிகள்ல மிகப் பெரிய சமூகம் இவங்க, 2011 கணக்கெடுப்புல மூன்றரை லட்சத்துக்கும் மேல.

இப்ப கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-ல ஏழு தொகுதியா போட்ட தென்னிந்தியக் குலங்கள் பத்தின புத்தகத்துல இது பதிவாகியிருக்கு. என் வார்த்தையில சொல்றேன்.

சக வருஷம் 1055, அதாவது நம்ம கணக்குல 1132 வாக்குல, கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்கள் கிட்ட பொண்ணு கேட்டு வர்றாங்க. கங்குந்தி இன்னிக்கு ஆந்திராவுல, குப்பம் பக்கத்துல இருக்கு. உங்களுக்கா பொண்ணுன்னு இவங்க ஏளனம் பண்ணி அனுப்பிடறாங்க. கோபத்துல வேடர்கள் ஏழு வேளாளப் பொண்ணுங்களைத் தூக்கிட்டுப் போயிடறாங்க. மீட்டுட்டு வர ஏழு ஆம்பளைங்க கிளம்பறாங்க, கூட ஏழு நாய். கிளம்பும்போது பொண்டாட்டிங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறாங்க: நாய் மட்டும் தனியா திரும்பி வந்தா நாங்க செத்துட்டோம்னு வெச்சுக்கிட்டு காரியத்தைப் பண்ணிடுங்க.

பாலாத்துல வெள்ளம். ஆளுங்க எப்படியோ நீந்திக் கரை ஏறிட்டாங்க. நாய்ங்க பாதி ஆறு வரைக்கும் போய், முடியாம திரும்பி, நேரா காஞ்சிபுரத்துக்கே ஓடி வந்துடுச்சு.

அங்க ஆம்பளைங்க வேடர்களைக் கொன்னு பழி தீர்த்துட்டு ஊருக்கு வர்றாங்க. வந்து பார்த்தா அவங்களுக்குக் கருமாதி முடிஞ்சிருச்சு. பொண்டாட்டிங்க விதவைக் கோலத்துல நிக்கறாங்க. செத்தவன் செத்தவன்தான், சேர்த்துக்க முடியாதுன்னு ஊர் சொல்லிடுது. அந்த ஏழு பேரும் வேடர் பெண்களைக் கட்டிக்கிட்டு ஜவ்வாது மலை ஏறி, காடு திருத்தி விவசாயம் பண்ண ஆரம்பிச்சாங்க. அவங்க வம்சம்தான் மலையாளிகள்.

இதை எங்க ஆயாகிட்ட சொன்னேன். ஆயாவுக்கு 80 தாண்டிருச்சு, ஐம்பது வருஷத்துக்கு மேல தறிக்குழியில உக்கார்ந்தவங்க. முழுசா கேட்டுட்டு, "உசுரோட வந்து வாசல்ல நிக்கறான், கருமாதி பண்ணிட்டோம் போடான்னாங்களா? கருமாதிக்குச் செலவானது போனா போகுதுன்னு உள்ள விட்டிருக்கலாம்ல?"ன்னாங்க.

வரலாறு பேசுற பாட்காஸ்ட்ல இது நடந்துச்சான்னு கேக்காம போக முடியாது. அதே தர்ஸ்டன் புத்தகத்துலயே வேற வடிவங்களும் இருக்கு. சேர்வராயன் மலைக்காரங்க, நாங்க காஞ்சியை விட்டு வந்து பத்துத் தலைமுறை ஆச்சு, அப்போ தெற்குல முஸ்லிம் ஆட்சின்னு சொல்லியிருக்காங்க. கிளம்பினது அண்ணன் தம்பி மூணு பேர், மூத்தவன் சேர்வராயனுக்கு, நடுவுல உள்ளவன் கொல்லிமலைக்கு, கடைசித் தம்பி பச்சைமலைக்கு. இன்னொரு வடிவத்துல கிளம்பினது மனுஷங்களே இல்ல. கரிராமன்னு ஒரு சாமிக்குக் காஞ்சியில இருப்புக் கொள்ளல, அது வேற இடம் தேடிப் போச்சு, பின்னாடியே மூணு அடியார்கள் குடும்பத்தோட போனாங்க.

ஒரு வடிவத்துல 12-ம் நூற்றாண்டு, இன்னொண்ணுல அதுக்கு ரொம்பப் பிந்தின காலம். ஒண்ணுல ஏழு பேர், ஒண்ணுல மூணு பேர். கிட்-ல இதைப் போட்டா மெர்ஜ் ஆகாது. 1132-ன்னு துல்லியமா ஒரு வருஷம் ஒட்டியிருக்கறதே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புது. வாய்மொழிக் கதைக்கு யாரோ படிச்சவங்க பின்னாடி தேதி குத்தின மாதிரி இருக்கு. அதோட, நாங்க பெரிய ஊர்ல இருந்து வந்த பெரிய குலம்னு சொல்லிக்கறது இந்தியா முழுக்கப் பல சமூகங்கள் செய்றதுதான். கணக்கெடுப்புக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி முன்னாடி அப்படிச் சொல்லறதுக்குக் காரணமும் இருந்திருக்கும்.

ஆனா எல்லா வடிவத்துலயும் மாறாத ஒண்ணு இருக்கு. காஞ்சிபுரம். தஞ்சாவூரோ மதுரையோ இல்ல. அப்புறம் இன்னொண்ணு, காஞ்சியை விட்டு ஓட வேண்டிய நெலமை பல தடவை வந்திருக்கு, அதுக்கு ஆதாரமும் உண்டு. 1688 வாக்குல முகலாயப் படைக்குப் பயந்து வரதராஜப் பெருமாளையே ஊரை விட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. உடையார்பாளையத்துல இருந்தார். 1710-ல திரும்ப அழைச்சுட்டு வந்ததைக் கோயில் கல்வெட்டே சொல்லுது. சாமி காஞ்சியை விட்டுப் போறது கற்பனை இல்ல. கரிராமன் பேர்ல இருக்கற 'கரி'யும், வரதர் கோயில் குன்றை அத்திகிரி, கரிகிரின்னு சொல்றதும் ஒண்ணா இருக்குமோன்னு எனக்கு ஒரு ஊகம். ஊகம்தான், கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க.

எனக்கு உறுத்தினது வேற. வரதர் 20 வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தப்ப ஊர் கல்வெட்டு வெட்டிச்சு. அந்த ஏழு பேர் வந்தப்ப கதவைச் சாத்திருச்சு. சாமிக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா?

ரெண்டாவது தடவை படிச்சப்பதான் இன்னொண்ணு கவனிச்சேன். ஏழு நாயும் திரும்பி வந்துச்சுன்னு கதை சொல்லுது. ஏழு ஆம்பளைங்களும் திரும்பி வந்தாங்கன்னு சொல்லுது. தூக்கிட்டுப் போன அந்த ஏழு பொண்ணுங்க? அவங்களுக்காகத்தானே இத்தனையும்? பழி தீர்த்தாச்சுன்னதும் அவங்க கதையை விட்டே காணாம போயிடறாங்க. வீட்டுக்கு வந்தாங்களா, வந்தா அவங்களை மட்டும் சேர்த்துக்கிட்டாங்களா, ஒரு வரி இல்ல. அவங்க ஏழு பேர், விதவைன்னு ஆக்கப்பட்ட பொண்டாட்டிங்க ஏழு பேர், அப்புறம் மலையேறின வேடர் பெண்கள். 21 பெண்கள், ஒருத்திக்குக் கூட பேர் கிடையாது.

அதுல அந்த வேடர் பெண்கள்தான் எனக்கு முக்கியமா படுது. கதைப்படியே பார்த்தாலும் மலையாளிகளுக்குப் பாதிப் பூர்வீகம்தான் காஞ்சிபுரம். மீதிப் பாதி அந்தப் பக்கத்துக் காடு. அந்தப் பாதி எங்கேயிருந்தும் வரல, ஏற்கெனவே அங்கதான் இருந்துச்சு. எந்த மண்ணுல சாமை வரும், எந்தப் பாறையில தேன் இருக்கும், எந்த ஓடை கோடையில வத்தாதுன்னு காஞ்சிபுரத்து வயக்காட்டுல இருந்து போனவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பா? ஜவ்வாது மலைச் சாமை இன்னிக்கு நம்ம ஊர் ஆர்கானிக் கடை வரைக்கும் வருது. பூர்வீகம் எதுன்னு கேட்டா மட்டும் அப்பன் வழியைத்தான் சொல்றோம்.

இந்த இடத்துல சங்க இலக்கியத்துக்கு வரணும், ஏன்னா நான் போட்ட பிளானை நமக்கு முன்னாடியே ஒருத்தர் போட்டுட்டார். பத்துப்பாட்டுல ஆற்றுப்படைன்னு ஒரு வகை உண்டு. பரிசு வாங்கிட்டு வர்ற கலைஞன், எதிர்ல வர்ற இன்னொரு கலைஞனுக்கு, இப்படிப் போ, இங்க தங்கு, இதைச் சாப்பிடுன்னு வழி சொல்ற பாட்டு. பத்துப்பாட்டுல கடைசிப் பாட்டு மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடினது, 583 அடி. அது எந்த ஊருக்கு வழி சொல்லுது தெரியுமா? நன்னனோட செங்கண்மாவுக்கு. இன்னிக்குச் செங்கம். ஜவ்வாது மலையோட தெற்கு அடிவாரம். அதுல வர்ற நவிர மலைதான் இன்னிக்குப் பர்வதமலை.

நான் போட்ட நாலு காலம் எல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. பன்னிக்குப் பொறி வெச்சிருப்பாங்க, பகல்ல பார்த்துப் போங்க. தினைப்புனம் காக்கறவங்க யானையை விரட்டக் கவண்கல் எறிவாங்க, மரத்துக்குப் பின்னாடி மறைஞ்சு போங்க. வழுக்குற பாறை எங்க, பாம்பு இருக்கற இடம் எங்க. வழியில நடுகல் வரும், கும்பிட்டுட்டுப் போங்க. ராத்திரி ஆனா எந்தக் குடியில தங்கலாம், அங்க என்ன சோறு கிடைக்கும். சேயாற்றங்கரையைப் பிடிச்சுப் போனா ஊர் வந்துடும். கூகுள் மேப்ல நாலு நட்சத்திர ரிவ்யூ படிச்சுட்டுக் கிளம்பற நமக்கு இது ஒரு பாடம்தான்.

இதே பத்துப்பாட்டுல காஞ்சிபுரத்துக்கும் ஒரு வழி இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடின பெரும்பாணாற்றுப்படை, 500 அடி, தொண்டைமான் இளந்திரையனோட கச்சிக்குப் போற வழி. அந்த வழியில பாணன் யார் யார் வீட்டுல சாப்பிடறான்னு பாருங்க. உழவர் வீடு இருக்கு, ஆயர் வீடு இருக்கு, மீனவர் வீடு இருக்கு. எயினர் வீடும் இருக்கு. எயினர்னா வேட்டைக்காரங்க. அந்தப் பெண்கள் புல்லரிசி எடுத்துச் சமைச்சுக் கொடுக்கறதைப் புலவர் ரசிச்சுச் சொல்றார். காஞ்சிபுரத்துக்கு வர்றவன் வேடர் வீட்டுல கை நனைச்சுட்டு வரலாம், அது ஒரு பெரிய விஷயமாவே இல்ல. நாய்க் கதையில அதே காஞ்சிபுரம் வேடனுக்குப் பொண்ணு கொடுக்கறதை அவமானமா நெனைக்குது. சோறு வேற, சம்பந்தம் வேறன்னு சொல்லலாம். ஆனா நடுவுல ஊர் எவ்வளவு மாறிப் போச்சுன்னு தோணாம இல்ல.

நாயைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள் நிறைய. 1972-ல நாகசாமி பதிப்பிச்சு 'செங்கம் நடுகற்கள்'னு தொல்லியல் துறை புத்தகமே போட்டிருக்கு. செங்கத்துக்குத் தெற்க எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க இருக்கற கல், மகேந்திரவர்மப் பல்லவனோட 34-வது ஆட்சி ஆண்டுல நட்டது, அதாவது 7-ம் நூற்றாண்டோட ஆரம்பம். எருமை மாட்டைக் காப்பாத்தப் போய்ச் செத்த ஒரு வீரனோட கல். பக்கத்துல ஒரு நாய் செதுக்கியிருக்கு. அந்த நாய்க்குப் பேரும் வெட்டியிருக்கு, கோவிவன். ரெண்டு கள்ளனைக் கடிச்சு, எஜமான் பக்கத்துலயே காத்து நின்னுச்சாம்.

மகேந்திரன் ஆண்டது எங்கேயிருந்து? காஞ்சிபுரத்துல இருந்து. காட்டுக்குள்ள ஒரு மாட்டுச் சண்டைக்கு நட்ட கல்லுலயும் காஞ்சி ராஜாவோட வருஷக் கணக்கு. இந்தப் பாதையில ஆள் நடமாட்டமும் அதிகாரமும் எத்தனை காலமா போய் வந்துட்டு இருந்திருக்குன்னு அதுவே சொல்லுது. ஏழு நாய்ங்க பாதி ஆத்துல திரும்பினதுக்கு ஊரே கருமாதி பண்ணுச்சு. இங்க ஒரு நாய் திரும்பாம நின்னதுக்குக் கல்லு நட்டிருக்காங்க.

சரி, ரூட்டுக்கு வரேன், டீம்ல திட்டுவாங்க. காஞ்சிபுரத்துல இருந்து செய்யாறு, ஆரணி, போளூர் வழியா ஜமுனாமரத்தூர். ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பாலாறு தாண்டினதுமே மாமண்டூர், அங்க மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் இருக்கு, அரை மணி நேரம் போதும். ஆரணியில டிபன். ஆரணியும் பட்டு ஊர்தான், ஆனா எங்க வீட்டுல அதை ஒத்துக்க மாட்டாங்க.

போளூருக்கு முன்னாடி திருமலை. திருப்பதி இல்ல, இது சமணத் திருமலை. குந்தவை பேர்ல ஜினாலயம், பாறையில செதுக்கின பிரம்மாண்டமான நேமிநாதர், ஓவியங்கள், இன்னிக்கும் சமண மடம் இயங்குது. இங்க பாறையில ஒரு கல்வெட்டு இருக்கு. ராஜேந்திர சோழன் கங்கை வரைக்கும் போனதுக்கு வரலாற்றுக்காரங்க காட்டுற முக்கியமான ஆதாரங்கள்ல ஒண்ணு, 1024-25 வாக்கு. ராஜேந்திரனோட வெற்றிகளை அடுக்கிக்கிட்டே போகும். எல்லாரும் அந்தப் பகுதியைத்தான் எடுத்துச் சொல்வாங்க. ஆனா அந்தக் கல்லை வெட்டினது ராஜேந்திரனைப் புகழறதுக்காக இல்ல. நன்னப்பையன்னு ஒரு வணிகனோட மனைவி சாமுண்டப்பை, இந்தக் கோயில்ல விளக்கு எரியக் காசு கொடுத்தாங்க, அதைப் பதியறதுக்காக. நாய்க் கதை நடந்ததா சொல்ற காலத்துக்கு நூறு வருஷம் முன்னாடி, அதே வட்டாரத்துல, ஒரு பொண்ணு பேர் கல்லுல இருக்கு. நான் அங்க போறது அந்தப் பேரைப் பார்க்கத்தான்.

மலை மேல பீமன் நீர்வீழ்ச்சி, கோமுட்டேரி. காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம், 1986-ல வெச்ச 2.3 மீட்டர் தொலைநோக்கி. டீம்ல பாதிப் பேர் அதுக்காகத்தான் வர்றாங்க. அதுக்குத் தனி எபிசோட் போடலாம்.

கடைசியா ஒண்ணு. சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். வீட்டை உறுதி பண்ண ரெண்டாவது தடவை போன் பண்ணப்ப அந்த அண்ணன் ஒரு விஷயம் கேட்டுக்கிட்டார். "செம்மரம் பத்தி மட்டும் யாரையும் கேக்காதீங்க தம்பி. வர்றவங்க எல்லாம் மொதல்ல அதைத்தான் கேக்கறாங்க."

2015 ஏப்ரல் 7. ஆந்திராவுல சேஷாசலம் காட்டுல செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதுல 20 பேர் செத்தாங்க. எல்லாருமே தமிழ்நாட்டுக்காரங்க. திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்கள். ஜவ்வாது மலைக்காரங்களும் சித்தேரி மலைக்காரங்களும் அதுல உண்டு. தாக்க வந்தாங்க, தற்காப்புக்குச் சுட்டோம்னு போலீஸ் சொல்லுச்சு. மனித உரிமை அமைப்புகள் அதை ஏத்துக்கல. கூலிக்கு மரம் வெட்டப் போறவனுக்கும் கடத்தல்ல கோடி பார்க்கறவனுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அன்னிக்கு டிவியில யாரும் ரொம்ப நேரம் பேசல. நான் அப்போ படிச்சுக்கிட்டு இருந்தேன். ஹாஸ்டல்ல நியூஸ் ஓடுச்சு, அடுத்து ஐபிஎல் ஆரம்பிக்கப் போகுது, சேனலை மாத்திட்டோம்.

ஜவ்வாது மலையில இருந்து சேஷாசலத்துக்குப் போகணும்னா வடக்க, பாலாத்தைத் தாண்டித்தான் போகணும். ஆத்தைத் தாண்டி வடக்க போன ஆம்பளைங்க, வீட்டுல காத்திருந்த பெண்கள், வந்து சேர்ந்த ஒரு செய்தி. அந்த அண்ணன் நாய்க் கதையைச் சிரிச்சுக்கிட்டே சொன்னார், இதைச் சொல்லும்போது சிரிக்கல. 2015-ல இருந்து அந்தப் பழைய கதை அவங்க காதுல எப்படிக் கேக்கும்னு நான் அவர்கிட்ட கேக்கல, கேக்கவும் போறதில்ல. ஷீட்ல அஞ்சாவதா ஒரு காலம் போட்டு டீமுக்கு அனுப்பியிருக்கேன். தலைப்பு 'கேக்கக் கூடாதது'. அதுல ஒரே ஒரு வரிதான் இருக்கு.

ஆயாகிட்ட கிளம்பற தேதியைச் சொன்னேன். பொட்டியைத் திறந்து ஒரு பட்டு அங்கவஸ்திரம் எடுத்துக் கொடுத்தாங்க, அவங்களே நெய்தது, ஓரத்துல சின்ன ஜரிகை. "அந்த வீட்டுக்காரருக்குக் குடு. காஞ்சிபுரத்துல இருந்து குடுத்து அனுப்பினாங்கன்னு சொல்லு."

சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பறோம். செவிலிமேடு தாண்டினதும் பாலாத்துப் பாலம். 2021 நவம்பர்ல கரை புரண்டு ஓடினதை நான் அந்தப் பக்கம் நின்னு பார்த்திருக்கேன், மத்தபடி நான் வளர்ந்த காலம் முழுக்க அது மணல்தான். இந்தத் தடவை தண்ணி போகுதான்னு போட்டோ எடுத்துப் போடறேன். அடுத்த எபிசோட் மலையில இருந்து வந்ததும்.